அந்தோணி பவுச்சர் – துப்பறியும் கதைகளின் பெருவாசகர்

தமிழில் போர்ஹேயை வாசித்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் வழியாகவே அவரை வந்தடைந்திருக்கிறோம். நம் சிற்றிதழ்களில் வெளியான மொழியாக்கங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்தே வந்தவை. அந்த ஆங்கிலக் கதவை முதலில் திறந்தது எந்த இதழ் என்று கேட்டால், ஏதேனும் ஒரு பல்கலைக்கழக வெளியீடு என்றோ, நவீனத்துவத்துக்கென நடத்தப்பட்ட ஒரு சிற்றேடு என்றோதான் நமக்கு ஊகிக்கத் தோன்றும். உண்மையில் அது மர்மக் கதைகளை மட்டுமே வெளியிட்டுவந்த 'எல்லரி குவீன்ஸ் மிஸ்டரி மேகசின்'. 1948 ஆகஸ்ட் இதழில், கொலைக் கதைகளுக்கும் திருட்டுக் கதைகளுக்கும் நடுவே, கிளைகளாகப் பிரியும் பாதைகளைக் கொண்ட தோட்டத்தைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற கதை வெளிவந்தது. ஆங்கிலத்தில் போர்ஹேயின் தொகுப்புகள் நூல் வடிவம் பெற்றது 1962-இல். இலக்கிய உலகம் அவரைக் கண்டுகொள்வதற்கு 14 ஆண்டுகள் முன்பே ஒரு துப்பறியும் கதை ஆர்வலர் அவரை ஸ்பானிய மொழியில் படித்து, வியந்து, மொழிபெயர்த்து, தாம் மதித்த இதழுக்கு அனுப்பியிருந்தார். அவர் பெயர் அந்தோணி பவுச்சர்.

இது ஒரு சுவையான தற்செயல் என்று கடந்து போய்விடலாம். தற்செயல் என்று நாம் கருதவில்லை. அந்தக் கதை வடிவத்தில் ஓர் ஒற்றர் கதை. ஒரு கொலையும் அதற்கான காரணமும் கடைசிப் பத்தியில்தான் பொருந்துகின்றன. (அந்தப் பொருத்தத்தை இங்கே சொல்லப்போவதில்லை. பவுச்சர் தம் மதிப்புரைகளில் காத்த முதல் ஒழுக்கம் அது.) போர்ஹேயே துப்பறியும் கதைகளின் தீராக் காதலர். நண்பர் பியோய் கஸாரேஸுடன் சேர்ந்து, சிறைக் கொட்டடியில் அமர்ந்தபடியே வழக்குகளைத் தீர்க்கும் டான் இசிட்ரோ பரோடியின் கதைகளை 1942-இல் வெளியிட்டவர். 1945 முதல் இருவருமாக ஒரு துப்பறியும் நாவல் வரிசைக்குத் தேர்வாளர்களாக இருந்தனர். ஆக, போர்ஹே தமக்குரிய வாசலின் வழியாகத்தான் ஆங்கிலத்துக்குள் நுழைந்தார். அவர் எந்த வாசலுக்கு உரியவர் என்பதை அறிந்திருந்த ஒரு வாசகர் அங்கே இருந்தார்.

அவரது இயற்பெயர் வில்லியம் அந்தோணி பார்க்கர் வைட். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் 1911 ஆகஸ்ட் 21 அன்று பிறந்தார். நூலகப் பட்டியல்களில் 'வில்லியம் வைட்' என்ற பெயரில் ஏராளமான எழுத்தாளர்கள் இருந்ததால் புனைபெயரைத் தேடியதாகச் சொல்வார்கள். பெயருக்காகவும் நூலகப் பட்டியலைப் புரட்டிய மனிதர் என்பதே அவரைப் பற்றிப் பாதியைச் சொல்லிவிடுகிறது. இளமை முதல் ஆஸ்துமா வாட்டியது. நோயாளிச் சிறுவர்களுக்கே வாய்க்கும் நீண்ட வாசிப்பு அவருக்கும் வாய்த்தது. பதினைந்து வயதில் எழுதிய ஒரு பேய்க்கதை 1927-இல் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் அச்சேறியது. தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இளங்கலையும், 1934-இல் பெர்க்லியில் ஜெர்மன் மொழியில் முதுகலையும் முடித்தார். ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துகீசியம் என்று மொழிகளைச் சேர்த்துக்கொண்டே போனார். ஆசிரியப் பணிக்குச் செல்லவில்லை. நாடகம் எழுதிப் பார்த்தார், நிலைக்கவில்லை. பிறகுதான் துப்பறியும் நாவல்.

அந்த முதல் நாவலில் இந்திய வாசகர்களுக்கு ஒரு தனிச் செய்தி உண்டு. 1937-இல் வெளிவந்த 'தி கேஸ் ஆஃப் த செவன் ஆஃப் கால்வரி' பெர்க்லி வளாகத்தில் நிகழும் கதை. அதில் துப்பறிபவர் காவலரோ தொழில்முறைத் துப்பறிவாளரோ அல்லர், சமஸ்கிருதப் பேராசிரியர். பெயர், டாக்டர் அஸ்வின். பஞ்சதந்திரத்தையும் சாகுந்தலத்தையும் மிருச்சகடிகத்தையும் ஆங்கிலத்தில் தந்த பெர்க்லிப் பேராசிரியர் ஆர்தர் ரைடரே இப்பாத்திரத்தின் முன்மாதிரி. இயற்பியலாளர் ஓப்பன்ஹைமர் கீதையைப் படிப்பதற்காகச் சென்றமர்ந்ததும் இதே ரைடரிடம்தான். 'ரைடர்' என்றால் குதிரைச் சவாரி செய்பவர். 'அஸ்வின்' என்ற சொல்லுக்குள்ளும் குதிரை இருக்கிறது. தம் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரின் பெயரை அவர் போதித்த மொழியிலேயே பெயர்த்துப் பாத்திரத்துக்குச் சூட்டியிருக்கிறார் பவுச்சர். அகராதியைத் திறந்தால் மட்டுமே பிடிபடும் இந்த விளையாட்டில் அவரது புனைவுலகின் இயல்பு முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம்.

1937-க்கும் 1942-க்கும் இடையே அவர் தனித்து எழுதிய நாவல்கள் ஏழு. அனைத்தும் புத்தகங்களால் ஆனவை. 1940-இல் வந்த 'தி கேஸ் ஆஃப் த பேக்கர் ஸ்ட்ரீட் இர்ரெகுலர்ஸ்' ஹாலிவுட்டில் ஷெர்லாக் ஹோம்ஸ் படமொன்றுக்கு ஆலோசனை சொல்ல வந்த ஹோம்ஸ் பித்தர்களின் நடுவே நிகழும் கொலையைப் பற்றியது. அதே ஆண்டில் வந்த 'நைன் டைம்ஸ் நைன்' ஒரு பூட்டிய அறை மர்மம். ஜான் டிக்ஸன் கார் தம் நாவலொன்றில் பூட்டிய அறைகளின் வகைகளைப் பற்றி நிகழ்த்திய புகழ்பெற்ற பிரசங்கத்தை இந்நாவலின் பாத்திரங்கள் வாசித்து, தம் முன்னுள்ள வழக்கு அதில் எந்த வகை என்று விவாதிக்கிறார்கள். 1942-இல் வந்த 'ராக்கெட் டு த மார்க்' அறிவியல் புனைகதை எழுத்தாளர்களின் வட்டத்தையே களமாகக் கொண்டது. பின்னிரண்டும் எச். எச். ஹோம்ஸ் என்ற மற்றொரு புனைபெயரில் வெளிவந்தவை. அந்தப் பெயர் 1896-இல் தூக்கிலிடப்பட்ட சிகாகோ கொலைகாரனுடையது. அக்கொலைகாரனின் இயற்பெயரான ஹெர்மன் மட்ஜெட் என்பதையும் பவுச்சர் வீணாக்கவில்லை. செய்யுள் எழுதும்போது அதை வைத்துக்கொண்டார்.

இந்த நாவல்களைப் பற்றி நம் கருத்தை ஒளிவின்றிச் சொல்லிவிட வேண்டும். புதிர்கள் நேர்மையானவை, தடயங்கள் வாசகன் கண்முன்பே வைக்கப்படுகின்றன, உரையாடல்களில் நகைச்சுவை உண்டு. 1981-இல் 17 எழுத்தாளர்களும் மதிப்புரையாளர்களும் கலந்துகொண்ட ஒரு வாக்கெடுப்பில் பூட்டிய அறை மர்மங்களின் வரிசையில் 'நைன் டைம்ஸ் நைன்' ஒன்பதாம் இடம் பெற்றது. ஆனாலும் இந்த மனிதர்களின் வீட்டில் சமையல் வாசனை வருவதில்லை. யாரும் வாடகை கொடுக்கத் திண்டாடுவதில்லை. ஒவ்வொருவரும் வேறொரு புத்தகத்திலிருந்து எழுந்து வந்தவர்கள்போலவே பேசுகிறார்கள். அதே காலத்தில், அதே லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் களமாக்கி, சாண்ட்லர் 1939-இல் 'தி பிக் ஸ்லீப்' எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால், நகரத்தை நடந்து அறிந்தவர் யார், நூலகத்தின் சன்னல் வழியாகப் பார்த்தவர் யார் என்பது விளங்கிவிடும். ஏழு நாவல்களோடு பவுச்சர் நின்றிருந்தால், இன்று சேகரிப்பாளர்களின் அலமாரியில் மட்டுமே அவர் பெயர் இருந்திருக்கும்.

1942 அவர் வாழ்வின் திருப்பம். தனித்து எழுதிய கடைசி நாவல் வெளிவந்த அந்த ஆண்டில்தான் 'சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள்' நாளிதழுக்குத் துப்பறியும் நாவல்களை மதிப்பிடத் தொடங்கினார். அதன்பின் சிறுகதைகள் எழுதினார். டெனிஸ் கிரீனுடன் சேர்ந்து ஷெர்லாக் ஹோம்ஸ் வானொலி நாடகங்களை எழுதினார். பலர் கூடி எழுதிய ஒரு நாவலில் பங்கேற்றார். தனி நாவல் மட்டும் வரவில்லை. எழுத்தாளன் வற்றிப்போனான் என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. அவரது தலையாய பணி அப்போதுதான் தொடங்கியது என்பது எங்கள் துணிபு. 1947 வரை கிரானிக்கிள். பிறகு 1951 முதல் 1968-இல் இறக்கும்வரை 'நியூயார்க் டைம்ஸ்' நாளேட்டில் குற்றப் புனைவுகளுக்கான பத்தி. இதற்கிடையில் எல்லரி குவீன் இதழுக்கும் மதிப்புரைகள். கால் நூற்றாண்டுக் காலம், ஏறத்தாழ இடைவிடாமல், ஒரு வகைமையின் புதிய நூல்கள் அனைத்தையும் பின்தொடர்ந்து படித்துக் கருத்துச் சொன்ன மனிதர் வேறொருவரைக் காட்டுவது கடினம்.

அந்தக் காலத்தில் இந்த வகைமையின் மதிப்பு என்னவாக இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அமெரிக்காவின் முதன்மை விமர்சகர்களில் ஒருவரான எட்மண்ட் வில்சன், துப்பறியும் கதைகளை மக்கள் எதற்காகப் படிக்கிறார்கள் என்று வினவி 1944-இல் 'நியூயார்க்கர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கோபம்கொண்ட வாசகர்கள் நல்ல நாவல்களின் பெயர்களைப் பட்டியலிட்டுக் கடிதம் எழுத, அவற்றில் சிலவற்றையும் படித்துப் பார்த்து, 1945 ஜனவரியில் முன்னைவிடக் கடுமையாக இன்னொரு கட்டுரை எழுதினார். வில்சன் சொன்னதில் உண்மையே இல்லை என்று நாம் வாதிடப்போவதில்லை. கொலையாளி யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும் காற்றிறங்கிப்போகும் நாவல்கள் அன்றும் மலிந்திருந்தன, இன்றும் மலிந்திருக்கின்றன. ஆனால் ஒரு வகைமையைச் சில நூல்களைக்கொண்டு தீர்த்துக்கட்டுவது, ஒரு சங்கீத சீசனில் இரண்டு கச்சேரி கேட்டுவிட்டுக் கர்நாடக இசையே இவ்வளவுதான் என்பதற்கு ஒப்பானது. ஒரு வகைமையை மதிப்பிட அதற்குள்ளிருக்கும் நல்லதும் நடுத்தரமும் மட்டமும் தெரிந்திருக்க வேண்டும். பவுச்சர் அதைத் தெரிந்துவைத்திருந்தார். வாரந்தோறும் அவர் செய்த தரம்பிரிக்கும் வேலைதான் வில்சனுக்குச் சொல்லத்தக்க மறுமொழி.

அந்தத் தரம்பிரித்தலில் மூன்று குணங்களை நாம் காண்கிறோம்.

முதலாவது, நூலின் அட்டையைப் பார்த்து அவர் தள்ளிவைக்கவில்லை. 1950 முதல் 'கோல்ட் மெடல்' போன்ற நிறுவனங்கள் கெட்டி அட்டைப் பதிப்பே இல்லாமல் நேரடியாக மலிவுப் பதிப்பாக நாவல்களை வெளியிடத் தொடங்கின. மருந்துக் கடைகளிலும் பேருந்து நிலையங்களிலும், ஆடை நழுவிய பெண்களின் படங்களோடு விற்ற அந்த நூல்களை மதிப்புரையாளர்கள் தொடவேயில்லை. பவுச்சர் தொட்டார். நியூயார்க் டைம்ஸின் மதிப்புமிக்க பத்தியில் அவற்றுக்கு இடம் ஒதுக்கினார். ஜான் டி. மெக்டொனால்ட், ஜிம் தாம்ஸன், சார்லஸ் வில்லிஃபோர்ட் முதலியோரை இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்கிறார்கள். அவர்கள் எழுதிக்கொண்டிருந்த நாளிலேயே அவர்களைப் பொருட்படுத்திப் படித்த பெரிய நாளேட்டு மதிப்புரையாளர் ஏறக்குறைய இவர் ஒருவரே.

இரண்டாவது, விற்பனை அவரை அச்சுறுத்தவில்லை. மிக்கி ஸ்பிலேனின் முதல் நாவல் 1947-இல் வந்தபோது, அதில் வன்முறை போற்றப்படும் விதத்தைக் கடுமையாகச் சாடினார். இயான் ஃபிளெமிங்கின் ஜேம்ஸ் பாண்ட் நாவல்கள் உலகமெங்கும் பரவியபோதும் அவற்றைத் தொடர்ந்து குறைகூறி வந்தார். அதே வேளையில் தம் தீர்ப்பைக் கல்வெட்டாகவும் ஆக்கிக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் ஸ்பிலேனின் கதை சொல்லும் திறனை ஒப்புக்கொண்டார். படிப்பதை நிறுத்தாதவனுக்குத்தான் கருத்தை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பும் இருக்கிறது.

மூன்றாவது, காத்திருக்கத் தெரிந்தவர். ராஸ் மெக்டொனால்டின் முதல் லூ ஆர்ச்சர் நாவல் 1949-இல் வெளியானது. தொடக்கம் முதலே பவுச்சர் அவரைக் கவனித்து, ஒவ்வொரு நூலிலும் அவர் எங்கே வளர்கிறார் என்பதை எழுதிவந்தார். நியூயார்க் டைம்ஸ் நூல் மதிப்புரைப் பகுதியின் முகப்பில் மெக்டொனால்ட் கொண்டாடப்பட்டது 1969-இல்தான். அதைக் காணப் பவுச்சர் உயிரோடு இல்லை. முகப்புக் கட்டுரை ஒரு நாளில் செய்ததற்குப் பின்னே, உட்பக்கங்களின் சிறிய பத்திகள் ஏறத்தாழ இருபதாண்டுகள் செய்த வேலை இருக்கிறது.

அறிவியல் புனைகதையிலும் அவர் இதே வேலையைத்தான் செய்தார். 1949-இல் ஜே. ஃபிரான்சிஸ் மெக்கோமஸுடன் இணைந்து 'தி மேகசின் ஆஃப் ஃபேன்டஸி அண்ட் சயன்ஸ் ஃபிக்‌ஷன்' இதழைத் தொடங்கினார்; 1958 வரை அதன் ஆசிரியராக இருந்தார். விண்கலங்களுக்கும் விசித்திர மிருகங்களுக்கும் கொடுத்த அதே அக்கறையை நடைக்கும் கொடுக்க வேண்டும் என்பது அந்த இதழின் கொள்கை. பெர்க்லியில் தம் வீட்டில் அவர் நடத்திய எழுத்து வகுப்புக்கு வந்த ஓர் இளைஞரின் கதையை 1951-இல் வாங்கினார். அந்த இளைஞர் விற்ற முதல் கதை அது. இளைஞர், ஃபிலிப் கே. டிக். இவற்றுக்கு நடுவே, தாம் சேகரித்த பழைய ஓபரா இசைத்தட்டுகளை வைத்து வானொலியில் பல ஆண்டுகள் நிகழ்ச்சியும் நடத்தினார். சேர்ப்பது, கேட்பது அல்லது படிப்பது, பிறகு அடுத்தவரை அழைத்து இதைப் பாருங்கள் என்று காட்டுவது – துறைகள் பலவானாலும் செயல் ஒன்றுதான்.

இனி மறுபக்கம். ஒரு வாரத்தில் பல நூல்களைப் படித்து ஒவ்வொன்றுக்கும் சில வரிகளை ஒதுக்குபவரை விமர்சகர் என்று அழைக்கலாமா, அது வெறும் மதிப்புரைதானே என்று கேட்கப்படலாம். கேள்வி நியாயமானது. ஒரு நாவலை ஆழ உழுது காட்டும் நீண்ட கட்டுரைகளை அவர் அதிகம் எழுதவில்லை. துப்பறியும் கதைக்கு ஒரு கோட்பாட்டு நூலும் எழுதவில்லை. பத்தியின் அளவு அதற்கு இடந்தரவில்லை. குறைகளைவிட நிறைகளைத் தேடிய கண் அவருடையது என்பதால் சில இடங்களில் தாராளம் மிகுந்துபோனதும் உண்மை. ஆனால் நீண்ட கட்டுரை எழுதும் விமர்சகன் எந்த நூலைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்ய, அவனுக்கு முன்னால் ஒருவர் குவியலைப் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். உமியும் நெல்லும் கலந்து கிடக்கும் களத்தில் முறத்தோடு உட்காருபவரின் உழைப்பு, விருந்தின்போது யாருடைய நினைவுக்கும் வருவதில்லை.

பவுச்சர் 1968 ஏப்ரலில் நுரையீரல் புற்றுநோயால் ஓக்லாந்தில் காலமானார். வயது 56. இரண்டாண்டுகளுக்குப் பிறகு, 1970-இல், சான்டா மோனிகாவில் மர்மக் கதை ஆர்வலர்கள் கூடிய மாநாட்டுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்: 'பவுச்சர்கான்'. அந்த மாநாடு இன்று உலகளவில் இவ்வகைமையின் பெருங்கூடல்களுள் ஒன்று. 1986 முதல் அங்கே வழங்கப்படும் விருதுகளுக்கு 'அந்தோணி' என்று பெயர். நாவலாசிரியர்களின் பெயரால் விருதுகள் இருப்பது வழக்கம். ஒரு வாசகரின் முன்பெயரும் பின்பெயரும் ஆளுக்கொன்றாகப் பகிர்ந்துகொள்ளப்பட்டது அரிது. அவர் எழுதிய வகைமையின் வாசகர்கள் யாருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம் என்பதைச் சரியாகவே உணர்ந்திருந்தார்கள்.

ஆனால் பெயர் நிலைத்த அளவுக்கு எழுத்து நிலைக்கவில்லை என்பதுதான் நம் ஆதங்கம். நாளிதழ்ப் பத்தி அன்றாடம் உதிர்வது. மறைவுக்குப் பின் 1973-இல் அவரது விமர்சனங்களின் ஒரு சிறு தேர்வு வந்தது. கிரானிக்கிள் மதிப்புரைகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்டன. 2008-இல் ஜெஃப்ரி மார்க்ஸ் எழுதிய வாழ்க்கை வரலாறும் நூற்பட்டியலும் வெளியாயிற்று. அவரது தாள்கள் இண்டியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. நாவல்களில் சில அண்மை ஆண்டுகளில் மறுபதிப்புக் கண்டுள்ளன. அவர் வாழ்வின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட மதிப்புரைகளோ நாவல்கள் அளவுக்குக்கூட வாசிக்கப்படுவதில்லை. பழைய நாவலை மறுபதிப்புச் செய்யப் பதிப்பாளர் கிடைக்கிறார். அந்த நாவல் வந்த வாரத்திலேயே அதன் தரத்தைச் சரியாகச் சொன்ன பத்துவரி மதிப்புரைக்குக் கிடைப்பதில்லை.

இதை எழுதும்போது நம் மொழியின் நினைவு வராமல் இல்லை. வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் காலந்தொட்டுத் தமிழில் துப்பறியும் நாவல்கள் ஏராளமாக வந்திருக்கின்றன. தேவனின் சாம்புவும், தமிழ்வாணனின் சங்கர்லாலும், சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வீடுதோறும் அறியப்பட்டவர்கள். பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களைப் படித்து வளர்ந்தவர்கள்தாம் நம்மில் பலரும். ஆனால் அவற்றை வந்த மாதத்திலேயே படித்து, எதில் புதிர் நேர்மையானது, எதில் வாசகன் ஏமாற்றப்பட்டான், யாருடைய நடை தேறிவருகிறது என்று தொடர்ச்சியாகப் பதிவு செய்தவர் யார்? படித்தவர்கள் எழுதவில்லை, எழுதியவர்கள் படித்ததை ஒப்புக்கொள்ளவில்லை. விளைவு, இன்று பழைய மாத நாவல்களில் காப்பாற்றத்தக்கவை எவை என்று கேட்டால், அவரவர் ஞாபகத்தைத் தவிர நம்மிடம் கையில் எதுவும் இல்லை. தாள் பழுப்பேறி உதிரும் அந்த நூல்களுக்கு ஞாபகம் நெடுநாள் துணைவராது.

போர்ஹேயைத் தலைமேல் வைத்துக்கொண்டு துப்பறியும் கதையைக் காலடியில் போடுவது நம் இலக்கியச் சூழலில் ஒரு பழக்கமாகவே இருக்கிறது. அந்தப் போர்ஹேயை ஆங்கிலத்துக்கு அழைத்து வந்தவர், காலடியில் கிடந்ததைக் குனிந்து எடுத்துப் படித்த ஒருவர். பவுச்சரை முதன்முறையாக வாசிக்க விரும்புபவர்களுக்கு 'நைன் டைம்ஸ் நைன்' நாவலைப் பரிந்துரைப்போம். கிடைத்தால் மதிப்புரைத் தொகுப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்தபின், உங்கள் வீட்டுப் பரணிலிருக்கும் மாத நாவல் கட்டை இறக்கி, முதலில் கைக்கு வரும் நூலைப் பற்றி நேர்மையாகப் பத்து வரி எழுதுங்கள். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.